காக்கை இறங்காத வீடு

சாயங்காலம் ஆனால் வெண்ணந்தூர்ப் பக்கத்துக் காக்கைகள் எல்லாம் ஏரிக்கரை மரங்களுக்கு அடையப் போகும். கோழிப்பண்ணைகளில் மேய்ந்தவை, தறிக்கூடங்களுக்குப் பின்னால் எச்சில் பொறுக்கியவை, பஸ் நிறுத்தத்தில் வடைக்குக் காத்திருந்தவை என்று கூட்டம் கூட்டமாக மேற்கே பறக்கும். சென்னியப்பன் தோட்டத்து வீட்டுக்கு நேராக வந்ததும் அந்தக் கூட்டம் இரண்டாகப் பிரியும். பாதி வடக்கே ஒதுங்கும், பாதி தெற்கே ஒதுங்கும். வீட்டைத் தாண்டியதும் மறுபடி ஒன்றாகிவிடும். வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் சென்னியப்பனின் தலைக்கு மேலே மட்டும் வானம் வெறுமையாகக் கிடக்கும். ஒரு வருஷமாக அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

அவர் மனைவி வசந்தாமணி இறந்து, வருகிற மாசி அமாவாசையோடு ஒரு வருஷம். இந்த ஒரு வருஷத்தில் அவளுக்கென்று அந்த வீட்டில் வைத்த சோற்றை ஒரு காக்கைகூடத் தொட்டதில்லை. வருஷத் திதியன்றும் தொடாமல் போனால் என்ன செய்வது என்று மகள் மைதிலி எடப்பாடியிலிருந்து தினமும் போனில் அழுகிறாள். காக்கை ஏன் வரவில்லை என்பது சென்னியப்பனுக்குத் தெரியும். தெரிந்ததை மகளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சென்னியப்பனின் பிழைப்பே பிராணிகளைப் பழக்குவதுதான். சிறுவயதில் ஊரே கைவிட்ட ஒரு சண்டிக் காளையை வண்டிக்குப் பழக்கினார். அதிலிருந்து கை ஓயவில்லை. லாரி ஷெட்டுக்காரர்களுக்குக் காவல் நாய், பந்தயக்காரர்களுக்கு மட்டக் குதிரை, பொழுதுபோகாதவர்களுக்குப் புறா. ஒரு சினிமாக் கம்பெனிக்காக, கதாநாயகனை விட்டுவிட்டு வில்லனை மட்டும் முட்டும்படி ஓர் ஆட்டுக்கிடாயைப் பழக்கிக் கொடுத்தார். படம் ஓடவில்லை, கிடாயை எல்லோரும் மெச்சினார்கள். அவருடைய வித்தை ஒன்றே ஒன்றுதான். பிராணி எங்கே பார்க்கிறதோ அங்கே தானும் பார்ப்பார். அது எதைக் கண்டு மிரள்கிறது, எதற்கு ஆசைப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் தீனியும் பொறுமையும்தான் என்பார். மனிதர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் மட்டும் அவருக்கு வரவேயில்லை.

வசந்தாமணி உயிரோடு இருந்த காலத்தில் அவரிடம் ஒரு பருந்தைக் கொண்டுவந்தவர் கதிர்வேல், புதுச்சத்திரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறவர். வெளிநாட்டில் விமான நிலையத்தில் பருந்தை விட்டுப் பறவைகளை விரட்டுகிறார்கள் என்று போனில் பார்த்துவிட்டு, அயல்நாட்டுப் பறவை வளர்க்கிற ஒருவரிடம் முறைப்படி காகிதமெல்லாம் போட்டு வாங்கிவிட்டார். அமெரிக்கப் பாலைவனத்துச் சாதி. கரும்பழுப்பு உடம்பு, தோளில் செம்மண் நிறம், வால் நுனியில் வெள்ளைக் கரை, மஞ்சள் கால். பண்ணையில் தீவனத்தைத் தின்று முட்டையை உடைக்கிற காக்கைகளை அது விரட்டும் என்று பார்த்தால், கூண்டில் உட்கார்ந்துகொண்டு கதிர்வேலையே முறைத்தது.

"எப்புடியாவது பழக்கிக் குடுங்கண்ணா. இல்லாட்டி நீங்களே வெச்சுக்கங்க. எங்கூட்டுல இதையும் என்னையும் சேத்துத் தொரத்தறாங்க," என்றார் கதிர்வேல்.

வசந்தாமணி சமையலறைக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். பருந்து அவளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இருப்பப் பாருங்க, துரைசாணியாட்ட," என்றாள். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

துரைசாணியைச் சென்னியப்பன் தன் பிள்ளையைப் பார்த்ததைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டார். காலில் தோல்வாரும் ஒரு சின்னப் பித்தளை மணியும் கட்டினார். தினமும் தராசில் நிறுத்தி எடை பார்த்து, பசி அடங்காமலும் உடம்பு வாடாமலும் கறி வைப்பார். அந்தப் பசிதான் பழக்கத்துக்கு ஆதாரம். காக்கையை அது பிடித்துவிட்டால் உடனே ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "சபாஷ்" என்று சொல்லி, தோல் கையுறையில் ஒரு துண்டுக் கறியை நீட்ட வேண்டும். ஒருமுறை தாமதித்தால்கூடப் பழக்கம் கெட்டுவிடும். அவர் தாமதித்ததே இல்லை.

கொஞ்ச நாளில் கதிர்வேலின் பண்ணையில் காக்கை அற்றுப்போனது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூப்பிட்டார்கள். நாமகிரிப்பேட்டை வரைக்கும் மொபெட்டின் பின்னால் பெட்டி கட்டித் துரைசாணியை ஏற்றிக்கொண்டு போய்வந்தார். போகிற இடமெல்லாம் டீ, மரியாதை. வயதான காலத்தில் இப்படி ஒரு யோகம் என்று அவருக்கே பூரிப்பாக இருந்தது.

ஆனால் காக்கை லேசுப்பட்டதல்ல. செத்த காக்கையைச் சுற்றி ஊர்க் காக்கையெல்லாம் கூடிக் கத்தும்போது அவை பருந்தைத் திட்டியதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து சபாஷ் சொன்ன ஆளைத்தான் அதிகம் திட்டின. அவர் மொபெட்டில் போனால் கம்பம் கம்பமாகத் தொடர்ந்து வந்து கரைந்தன. சட்டையை மாற்றிப் பார்த்தார், துண்டை மாற்றிப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. போலீசுக்குப் பயந்து ஒருநாள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனார். ஒரு காக்கைகூடச் சத்தம் காட்டவில்லை. ராசிபுரத்து டீக்கடையில் அதைக் கழற்றியதும் பிடித்துக்கொண்டன. தன் முகத்தை அவை பாடம் பண்ணி வைத்திருக்கின்றன என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து அதை வசந்தாமணியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

வசந்தாமணி காக்கைக்கு வைக்காமல் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். காலையில் சமையல் ஆனதும் பின்புற மதில்மேல் ஒரு பிடி சோறு வைப்பாள். அப்படி வருகிற காக்கைகளில் ஒன்றுக்கு வலதுகாலில் விரல்கள் இல்லை. விசைத்தறிக் கழிவு நூல் காலில் சுற்றிக்கொண்டு இறுகி அறுத்துவிட்டது. அவள்தான் அதைத் துண்டு போட்டுப் பிடித்து, ஊசியால் நூலை நெம்பி எடுத்து, மஞ்சள் வைத்து விட்டாள். நொண்டி என்று பெயர். அது அவள் கையிலிருந்தே எடுத்துத் தின்னும். நாலுகால், இரண்டுகால் என்று நூறு பிராணி பழக்கிய மனிதரின் வீட்டில், அவள் பழக்கியது அது ஒன்றுதான். அதையும் பழக்கினோம் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

ஒருநாள் காலை, பண்ணைக்குப் புறப்படுகிற அவசரத்தில், பசித்திருந்த துரைசாணியைக் கையுறையில் ஏந்திக்கொண்டு சென்னியப்பன் பின்பக்கமாக வந்தார். வசந்தாமணி தட்டோடு நின்றிருந்தாள். மதில்மேல் நொண்டி இருந்தது. மணி ஒருமுறை கிணுங்கியது, அவ்வளவுதான். வேலிக்கு இந்தப் பக்கம் இரண்டும் ஒன்றாக விழுந்தன.

நாற்பது வருஷப் பழக்கம் அவரை ஓடவைத்தது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கறித்துண்டை நீட்டினார். "சபாஷ்," என்றார்.

தலையைத் தூக்கியபோது வசந்தாமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று உச்சிவெயில் வரைக்கும் காக்கைகள் அந்த வீட்டைச் சுற்றிக் கூச்சலிட்டன. மறுநாள் மதில்மேல் சோறு இல்லை.

"காக்காய்க்கு வெக்கலயா?" என்று கேட்டார்.

"எந்தக் காக்காய்க்குங்க?" என்றாள்.

அதற்குமேல் அவள் பேசவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. மூன்று வருஷம் அப்படியே ஓடியது. சோறு போட்டாள், துணி துவைத்தாள், கோயிலுக்குக் கூடவே வந்தாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். போன மாசி அமாவாசை அன்று பகலில் மார் அடைக்கிறது என்றாள். ஆம்புலன்ஸ் தோட்டத்துப் பாதையில் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

கருமாதி அன்று கிணற்றுமேட்டில் வாழையிலையில் சோற்றை வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். காக்கை வரவில்லை. செத்தவர்களுக்கு மனதில் ஏதோ குறை இருந்தால் காக்கை சோறு எடுக்காது என்பார்கள். உடனே ஆளாளுக்குக் குறையைத் தேட ஆரம்பித்தார்கள். வசந்தாமணியின் தம்பி முன்னால் வந்து, "அக்கா, மைதிலிக்குச் செய்யற சீர்ல ஒரு கொறையும் வெக்க மாட்டேன்," என்று வானத்தைப் பார்த்துச் சொன்னான். மாப்பிள்ளை குடியைத் தொடமாட்டேன் என்றான். அவன் குடிப்பான் என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. யாரோ குலதெய்வத்துக்குக் கிடாய் நேர்ந்தார்கள். வாக்குகள் குவிந்தன, காக்கை மட்டும் வரவில்லை. தூரத்துத் தென்னையில் நாலைந்து உட்கார்ந்து சென்னியப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். வெயில் ஏறியதும் இலையைப் பசுமாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் மைதிலி வந்தாள். மதில்மேல் சோறு வைத்துவிட்டுக் காக்கை எடுக்கும் வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் காத்திருப்பாள். சர்க்கரை உடம்பு. பொழுது சாயும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிடுவாள். சென்னியப்பன் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு பார்த்தார். துரைசாணியைக் கதிர்வேல் பண்ணையில் ஒரு மாதம் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பார்த்தார். ஆள் மறைந்தாலும் பருந்து போனாலும் அந்த மதிலைக் காக்கைகள் மன்னிப்பதாக இல்லை. ஆடி அமாவாசைக்கு மோகனூருக்குப் போய்க் காவேரிக் கரையில் வைத்தார்கள். அங்கே இருந்த காக்கைகள் ஒரு நிமிஷத்தில் தீர்த்துவிட்டன. மைதிலிக்கு அதில் திருப்தி இல்லை.

"அதுக ஊரார் சோத்தையெல்லாந் திங்குதுங்கப்பா. அம்மா நம்மூட்டுலதான இருக்கும். அதுக்கு என்ன கோவம்னு உங்களுக்காச்சும் தெரியுமா?"

"தெரியலயே கண்ணு," என்றார் சென்னியப்பன். அந்தப் பொய் அவர் நெஞ்சில் முள்ளாக நின்றது.

பண்ணை வேலையை அவர் அடியோடு விட்டுவிட்டார். துரைசாணிக்கு வயிறு நிறையக் கறி போட்டார். வயிறு நிறைந்த பருந்து வேட்டைக்குப் போகாது. அது கொழுத்துப்போய்ப் பின்கட்டில் கட்டையின்மேல் உட்கார்ந்திருந்தது. அயல்நாட்டுப் பறவையை வெளியே விடவும் முடியாது, விட்டாலும் பிழைக்காது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு காலம் கழித்தார்கள்.

தை மாதத்தில்தான் அவர் அதைக் கவனித்தார். காலையில் பால்காரன் போனபிறகு, வசந்தாமணி சமையலை முடிக்கிற நேரத்துக்கு, துரைசாணி இறகுகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிமிரும். யாராவது வந்தால்தான் அது அப்படி நிமிரும். சமையலறைப் பின்வாசலையே பார்க்கும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு அதன் தலை மெல்ல மெல்லத் திரும்பும். மதில், கிணற்றுமேடு, மாட்டுக்கொட்டகை, வேலிச் சந்து என்று ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே போய், வேலிக்கு அப்பால் நிலைத்துவிடும். நடந்து போகிற ஓர் ஆளைப் பார்க்கிற பார்வை அது. காலில் மணி லேசாகக் கிணுங்கும்.

முதல் நாள் தற்செயல் என்று விட்டுவிட்டார். மறுநாளும் அதேபோல. அதற்கு மறுநாளும். கோழியா, பூனையா, நிழலா என்று பார்த்தார். ஒன்றுமில்லை. காரணம் இல்லாமல் ஒரு பிராணி தலையைத் திருப்பாது என்பதை வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தவர் அவர். இப்போது அந்தக் காரணத்தை நினைத்து அவருக்கே பயமாக இருந்தது. "யார்ரீ வாரது?" என்று துரைசாணியிடம் கேட்டார். அது அவரைச் சட்டை செய்யாமல் வேலியையே பார்த்தது.

ஒரு காலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, துரைசாணியின் தலை திரும்பிய வழியே அவரும் நடந்தார். மதிலைத் தாண்டி, கிணற்றுமேட்டை ஒட்டி, கொட்டகைக்குப் பின்னால் போய், வேலிச் சந்தில் குனிந்து நுழைந்தார். அந்தச் சந்தில் புல் முளைக்காமல் ஒற்றையடித் தடம் ஒன்று இருந்தது. தன் சொந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு தடம் இருப்பது அவருக்குத் தெரியாது. அது அங்காளம்மாள் வீட்டுப் பின்புறத்துப் பாறையில் போய் முடிந்தது. பாறையெல்லாம் காக்கை எச்சம்.

அங்காளம்மாள் வசந்தாமணியோடு களை வெட்டியவள். இப்போது மகன் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறாள். அவரைப் பார்த்ததும் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். இந்த வழியாக அவர் வந்தது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை.

"வாங்கண்ணா. இத்தன நாள் ஆச்சுங்களா இந்தத் தடம் தெரிய?" என்றாள்.

உள்ளே போய் ஒரு தூக்குப்போசியை எடுத்து வந்தாள். சோறு கொண்டுபோகிற சின்னப் பாத்திரம், மூடி நசுங்கியது. தன் வீட்டில் காணாமல் போனதாக அவர் நினைத்திருந்த போசி. "அன்னிக்குக் காத்தால அக்கா மறந்து வெச்சுட்டுப் போனதுங்க. பொறவு வரவேயில்லியே. கழுவி வெச்சிருக்கறேன்."

சென்னியப்பன் அதை வாங்கிக்கொண்டார். பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்காளம்மாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நொண்டி செத்த மறுநாளே வசந்தாமணி போசியில் சோற்றோடு இங்கே வந்துவிட்டாள். மூன்று வருஷம் ஒருநாள் தப்பவில்லை. மழைநாளில் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். காக்கைகளும் மதிலை விட்டுவிட்டுப் பாறைக்கு வந்தன.

"என்றகிட்ட ஒரு வார்த்த சொல்லலயே."

"சொன்னா நீங்க அந்தத் துரைசாணியத் தூக்கிட்டு இங்கயும் வந்துருவீங்கன்னு பயமுங்க," என்றாள் அங்காளம்மாள். சொல்லிவிட்டு அவளே சங்கடப்பட்டாள். "இப்பவும் நா வெச்சா வந்து திங்குதுங்க. ஆனா அது நா வெச்சதுதானுங்களே. தெவசத்தன்னிக்கு மைதிலிய வரச் சொல்லுங்க. அது வெக்கட்டும், காக்கா திங்கும். நீங்க மட்டும் இந்தப் பக்கம் வராதீங்க."

அது நல்ல யோசனைதான். சோறு எடுபடும், மகள் மனம் ஆறும், ஊர் வாயடையும். ஆனால் அவர் இல்லாத இடத்தில்தான் அவர் மனைவி சாப்பிடுவாள் என்று ஆகிவிடும். மூன்று வருஷம் உயிரோடிருந்தபோதும் அப்படித்தானே நடந்திருக்கிறது என்று நினைத்தார்.

"நாந்தா வெக்கணும் அங்காளம்மா," என்றார்.

"உங்க மூஞ்சியப் பாத்தா வராதுங்களே."

"மூஞ்சியப் பாத்தாத்தான?" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அவ எப்புடி நடப்பா?"

அங்காளம்மாள் முதலில் சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு நாய் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கும் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிற மனிதர், நாற்பது வருஷம் கூட இருந்தவள் எந்தக் காலைச் சாய்த்து நடந்தாள் என்று அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டு நின்றார். பழக்குகிறவர் பழகிக்கொள்ள வந்தார்.

அவள் நடந்து காட்டினாள். இடது முழங்காலில் வலி. அந்தத் தொடையில் கை ஊன்றித்தான் நடப்பாள். பனி ஆகாது என்று சேலைத் தலைப்பை நெற்றிக்குக் கீழே வரைக்கும் முக்காடாக இழுத்துவிட்டிருப்பாள். பாறையின் மேற்கு ஓரத்தில் உட்காருவாள். கா கா என்றெல்லாம் கத்த மாட்டாள். வளையல் கையால் போசியை இரண்டு தட்டு தட்டி, "வா சாமி, வா" என்பாள். குழந்தையைக் கூப்பிடுகிற குரல்.

"பேசுவாளா அதுகளோட?"

"ஓயாமப் பேசுவாங்க. மைதிலியப் பத்தி, முட்டி வலியப் பத்தி, வெங்காய வெலயப் பத்தி."

"என்னப் பத்தி?"

அங்காளம்மாள் முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "உங்களப் பத்தி ஒருநாளும் வாயத் தொறந்ததில்லீங்கண்ணா."

அதற்கப்புறம் சென்னியப்பன் மாட்டுக்கொட்டகையில் நடந்து பழகினார். பீரோவில் மைதிலி மடித்து வைத்திருந்த காப்பிக்கொட்டை நிறத்துச் சேலையை எடுத்தார். நாப்தலின் வாசனைக்கு அடியில் இன்னும் அவள் வாசனை கொஞ்சம் இருந்தது. அவளுடைய இரண்டு கண்ணாடி வளையல்களைச் சோப்புப் போட்டுக் கையில் ஏற்றினார். தொடையில் கை ஊன்றி, முக்காட்டை இழுத்துவிட்டு, போசியைத் தட்டி, "வா சாமி" என்றார். முதலில் ஆண் குரல்தான் வந்தது. நாள் போகப்போக வேறு ஏதோ வந்தது. அந்தக் குரலைக் கேட்டு அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே துரைசாணியின் மணி கிணுங்கும், பின் நின்றுவிடும். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்றுகூட ஒருநாள் நினைத்தார். ஆனாலும் நடையை நிறுத்தவில்லை. அப்படி நடக்கும்போது அவருடைய சொந்த முழங்காலே வலிக்க ஆரம்பித்திருந்தது.

மாசி அமாவாசை அன்று விடிந்ததும் மைதிலி வந்தாள். அவள் கையால் சமைத்தாள். மதிலுக்குக் கிளம்பினவளை அவர் தடுத்தார்.

"அங்க வேண்டாஞ்சாமி. நீ அங்காளம்மா ஊட்டுக்குப் போயி நில்லு. நா எடுத்துட்டு வாரேன்."

"ஏனுங்கப்பா?"

"உங்கம்மா அங்கதா இருக்கறா," என்றார். அவள் கிளம்பினாள்.

அவள் போனபிறகு வேட்டிமேலேயே சேலையைச் சுற்றினார். வளையல் போட்டார். நசுங்கிய போசியில் சோற்றைப் போட்டு மூடினார். பின்வாசலைத் தாண்டியபோது கட்டையின்மேல் துரைசாணி நிமிர்ந்தது. மதில், கிணற்றுமேடு, கொட்டகை, வேலிச் சந்து. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் மணி மட்டும் மெல்லக் கிணுங்கிக்கொண்டே இருந்தது. அத்தனை நாள் துரைசாணி பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது தான் நடந்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் இன்னொரு ஆள் நடக்கிற மாதிரியும் இருந்தது. தடத்தின் ஒரு பக்கமாக ஒதுங்கி நடந்தார்.

வேலிச் சந்தைத் தாண்டி அவர் நிமிர்ந்தபோது அங்காளம்மாள் வீட்டுப் பின்வாசலில் நின்ற மைதிலி, "அம்மா," என்றுவிட்டாள். கூப்பிட்டதல்ல, வாயிலிருந்து தானாக விழுந்தது. அங்காளம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். சென்னியப்பன் நிற்கவில்லை. வசந்தாமணியாக இருந்தால் சோறு வைக்காமல் நிற்க மாட்டாள்.

பாறையின் மேற்கு ஓரத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போசியைத் திறந்து சோற்றைப் பரப்பினார். முக்காடு முகத்தை முழுக்க மறைத்திருந்தது. சேலையின் இழைகளும் அதன் வழியே வெயிலும்தான் தெரிந்தன. வளையல் கையால் இரண்டு தட்டு தட்டினார்.

"வா சாமி, வா."

ஒன்றும் நடக்கவில்லை. எங்கேயோ தறி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு வேப்பமரத்தில் ஒரு சிறகடிப்பு. பாறையில் நகம் உரசுகிற சத்தம். இன்னொன்று. அலகு பாறையில் தட்டுகிற சத்தம், டக் டக்கென்று, பக்கத்தில், மிகப் பக்கத்தில். வேறு சில வந்து விழுந்தன. தின்றன. பின்வாசலில் மைதிலி வாயைப் பொத்திக்கொண்டு அழுவது கேட்டது. ஒரு காக்கை அவர் மடியில் தாவி உட்கார்ந்து, விரல்களுக்கு நடுவே ஒட்டியிருந்த பருக்கையைக் கொத்தி எடுத்தது. வலிக்காமல் கொத்தியது. அவளிடம் இப்படித்தான் எடுத்திருக்கும். மூன்று வருஷமாக ஒவ்வொரு காலையும் அவளுக்குக் கிடைத்த இது என்னவென்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. அதைத் தன் மதிலிலிருந்து விரட்டியது தான்தான் என்பதும் கூடவே உறைத்தது. முக்காட்டுக்குள் கண்ணீர் தாடையில் இறங்கியது. துடைத்தால் கை அசையும் என்று விட்டுவிட்டார்.

சோறு தீர்ந்தது. வேண்டியது முடிந்துவிட்டது. அப்படியே எழுந்து, அதே நடையில் திரும்பிப் போயிருந்தால் எல்லோருக்கும் நிறைவாக இருந்திருக்கும். ஆனால் வித்தைக்காரருக்குத் தன் வித்தை தெரியும். அவளுடைய வருஷச் சோற்றை ஏமாற்றி ஊட்டிவிட்டுப் போக அவருக்கு மனம் ஒப்பவில்லை. மடியில் காக்கை இருக்கும்போதே இரண்டு கையாலும் முக்காட்டைப் பின்னால் தள்ளினார்.

காக்கை அவர் முகத்தைப் பார்த்தது. ஒரு கண்ணால் பார்த்தது, தலையைச் சாய்த்து மறுகண்ணால் பார்த்தது. பிறகு ஒரு கத்தல். பாறையே எழும்பியதுபோல எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பின. வேம்பிலிருந்தும் தென்னைகளிலிருந்தும் தறிக்கூடத்து ஓட்டின்மேலிருந்தும் வந்து சேர்ந்தன. அவர் தலைக்கு மேலே வட்டமிட்டு, தாழ்ந்து தாழ்ந்து, தொண்டை கிழியக் கத்தின. ஒரு வருஷமாக வெறுமையாக இருந்த அவர் தலைக்கு மேல் வானம் இப்போது கறுத்துக் கிடந்தது.

மைதிலி ஓடிவந்தாள். "எந்திரிச்சு வாங்கப்பா. கொத்திப்போடுமுங்க."

"கம்முனு இரு கண்ணு," என்றார். "நொண்டிய அடிச்சது துரைசாணி. சபாஷ் சொன்னது நானு. மூணு வருஷம் உங்கம்மா என்ன ஒரு வார்த்த கேக்கல."

மகளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவரைத் தூக்க நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டாள்.

சென்னியப்பன் சேலை தோளில் கிடக்க, கண்ணை மூடாமல், முகத்தை நன்றாக மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"திட்டு சாமி," என்றார். "நல்லாத் திட்டு."

வெயில் ஏறி, ஒவ்வொன்றாகத் தொண்டை ஓய்ந்து பறந்து போகும் வரைக்கும் அவை திட்டின. கடைசிக் காக்கையும் போனபிறகுதான் போசியைக் கழுவ எழுந்தார்.